கைப்பின்னற் கலையில் இயற்கை

கைத்தொழில் எதுவாயினும் அதன் தோற்றுவாயை இயற்கையிற் காண்பது அறிஞர் பலரது வழக்கம். குயவனுக்குச் சுரைக்குடுக்கையும், நெசவாளனுக்குச் சிலந்தியும், கூடை முடைவோனுக்குத் தூக்கணாங் குருவியும் ஆசான்களாய் அமைந்தன என்பர். இக்கூற்றுக் கேட்டற்கு இனியது. ஆயினும் வரலாற்று மாணவன் இதனோடு அமைந்துவிடல் ஆகாது. அலையைக் கண்டோர் எல்லாரும் அலையைப் பின்னினாரல்லர். கண்ணாற் கண்ட பொருள் கையிலுள்ள நூலுக்குள் எவ்வழியாக வந்து சேர்ந்தது? அதனைக் கொணர்ந்தவர் யாவர்? கொணர்ந்தமைக்கு அவர் பெற்ற ஊதியம் யாது? இம்மூன்று வினாக்களையும் எழுப்பி விடை காண்பதே வரலாற்றின் கடனாகும்.

கம்பளி நூலைக் கொண்டு கையாற் பின்னப்படும் ஆடைகளின் வரலாறு இவ்வினாக்களை ஆராய்தற்கு மிகவும் ஏற்றது. ஐரோப்பாவின் வடபாற் கடற்கரைகளிலே, மண் வளங் குன்றிய இடங்களிலே, இக்கலை உயர்நிலை எய்திற்று. ஸ்கொத்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெட்லாந்துத் தீவுகள், பால்டிக் கடலோரத்து எஸ்தோனியா நாட்டின் ஹாப்சலு என்னும் சிறுநகர், சுவீடன் நாட்டின் மேலைக்கரையாகிய போகுஸ்லேன், அயர்லாந்தின் மேற்கேயுள்ள ஆரன் தீவுகள் ஆகிய நான்கிடங்களும் இக்கட்டுரையின் களமாகும். முதன் மூன்றும் இயற்கை நூலிற் புகுந்த வழிகளைக் காட்டும். நான்காவது, புகாத இயற்கையைப் புகுந்ததாகக் கூறும் கதைகள் எவ்வாறு பிறக்கின்றன என்பதைக் காட்டும்.

கைப்பின்னலின் இயல்பு முதற்கண் அறியத்தக்கது. நெசவிலே நெடுக்கே பாவும் குறுக்கே ஊடையுமாக இருவகை நூல்கள் உள. பின்னலில் உள்ளதோ ஒரே நூல். அது கண்ணியாக வளைந்து, அக்கண்ணியினூடு மற்றொரு கண்ணி இழுக்கப்பட்டு, வரிசைமேல் வரிசையாகத் துணி வளர்கின்றது. கண்ணியின் முகத்தை வெளியே காட்டலாம், முதுகைக் காட்டலாம், இரு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகக் குறைக்கலாம், நூலை ஊசிமேல் ஒருமுறை வெறிதே சுற்றித் துளையோடு கூடிய புதுக்கண்ணி ஒன்றைப் பெறலாம், கண்ணிகளை இடம் மாற்றி முறுக்கலாம், நிறத்தை மாற்றலாம். பின்னுவோர் கையாளும் எழுத்துக்கள் பெரும்பாலும் இவ்வளவே. ஓவியன் தூரிகையால் வளைகோட்டைத் தான் வேண்டியவாறு இழுக்கின்றான். பின்னுவோருக்கு அவ்வுரிமை இல்லை. இலையாயினும் அலையாயினும் அது முதலில் எண்ணாக மாறுதல் வேண்டும். எண்ணாக மாறிய பின்னரே நூலில் உருப்பெறும். ஆதலின் பின்னலிற் காணப்படும் இயற்கை எண்ணப்பட்ட இயற்கை எனலாம்.

இக்கலை நெசவைப் போல் மிகத் தொன்மை வாய்ந்ததன்று. எகிப்திற் கிடைத்த, நீலமும் வெள்ளையுமான பருத்தி நூலாற் பின்னிய துணுக்குகள் 11 ஆம் நூற்றாண்டுக்கும் 14 ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டன. ஸ்பெயின் நாட்டுப் புர்கோஸ் நகரின் அருகேயுள்ள லாஸ் உவெல்காஸ் மடத்து அரச கல்லறைகளில், 1275 ஆம் ஆண்டில் இறந்த இளவரசன் பெர்னாந்தோவின் தலையணை உறை பட்டு நூலாற் பின்னப்பட்டதாய்க் காணப்பட்டது. 1589 ஆம் ஆண்டில் இங்கிலாந்தினனாகிய வில்லியம் லீ காலுறை பின்னும் பொறியை அமைத்தான். கைவினையின் பிற்கால வரலாற்றுக்கு இப்பொறி இன்றியமையாததோர் எல்லைக்கல்லாகும். பொறி விரைந்து செய்யும் பொருளைக் கை மெல்லச் செய்து வாழ முடியாது. பொறியால் எளிதிற் செய்யவொண்ணாத நுட்பத்தைத் தேடுதல் கைப்பின்னலாளருக்கு நாளடைவிற் கட்டாயமாயிற்று. அழகின் நாட்டத்தோடு பிழைப்பின் நெருக்கடியும் சேர்ந்தே அவர்களுடைய கோலங்களை வளர்த்தது.

ஷெட்லாந்து நூற்றுக்கு மேற்பட்ட தீவுகளின் கூட்டம். அவற்றுட் பதினாறளவிலேயே மக்கள் வாழ்கின்றனர். வட அகலக்கோடு 60 பாகை இத்தீவுகளை ஊடறுத்துச் செல்கின்றது. மாரி நடுவிற் பகல் ஆறு மணிநேரத்துக்குங் குறைவு. கோடை நடுவில் இரவு முழுதும் அந்தியொளி மறைவதில்லை. ஓயாத காற்றும் உப்புத் தூவலும் மரங்களை ஓங்க விடுவதில்லை. 1469 ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்துக்கு ஈடாக வைக்கப்படும்வரை இத்தீவுகள் நோர்வே அரசைச் சார்ந்திருந்தன. ஆதலின் அங்குள்ள மக்களின் பேச்சில் இன்றும் வடமொழிகளாகிய நோர்ஸ் இனத்துச் சொற்கள் பல உள. ஆடவர் கடலிற் சென்றனர். பெண்டிர் நிலத்தை உழுதனர். முற்றா நிலக்கரியை வெட்டி முதுகிற் சுமந்தனர். சுமந்து நடக்கும்போதே இரு கைகளாலும் பின்னினர். துளைகளிட்ட தோற்பட்டையொன்றை இடுப்பிற் கட்டி, அதில் ஓர் ஊசியின் முனையைச் செருகி, நடைக்கு இடையூறின்றிப் பின்னும் முறை அவர்களுடையது.

இத்தீவுகளில் இயற்கை முதன்முதலிற் பின்னலுக்குட் புகுந்தது உருவமாகவன்று, பொருளாகவே புகுந்தது. ஷெட்லாந்து ஆடு உருவிற் சிறியது. அதன் மயிரோ மிக மென்மையானது. கழுத்துப் பகுதி மயிர் மிகமிக நுண்ணியது. கோடைத் தொடக்கத்தில் அம்மயிர் தானே கழலும் பருவத்திற் கத்தரிக்காது கையாற் பறித்தெடுப்பது பழைய வழக்கம். வெள்ளை, சாம்பல், கபிலம், கருமை என ஆட்டின் மேனியிலேயே நிறங்கள் பல உள. மக்கள் அவற்றுக்கு வழங்கிய பெயர்களைக் கவனித்தல் வேண்டும். செங்கபில நிறத்தை மூரிட் என்பர்; தரிசு நிலத்தின் செம்மை என்னும் பொருளுடைய பழைய நோர்ஸ் சொல்லின் வழிவந்தது அது. கருஞ்சாம்பல் நிறத்தை ஷேலா என்பர். உறைபனியை நினைவூட்டுஞ் சொல் அது. ஆட்டை நோக்குங் கண்ணும் நிலத்தை நோக்குங் கண்ணும் அங்கு ஒன்றாயிருந்தன. சாயமிடாத கம்பளியாற் பின்னிய ஆடை அந்நிலத்தின் நிறத்தைத் தாங்கியதற்குக் காரணம், அந்நிலத்தில் மேய்ந்த உயிரின் மேனியே அதன் மூலப்பொருளாய் இருந்தமையாகும்.

1951 ஆம் ஆண்டில் கன்னிஸ்டர் என்னுமிடத்தில் முற்றா நிலக்கரி வெட்டிய இருவர், அதன் அடியிற் புதையுண்ட ஒரு மனிதனுடைய உடைகளைக் கண்டெடுத்தனர். பின்னிய தொப்பிகள், காலுறைகள், கையுறைகள் ஆகியவற்றோடு நிறக்கோலமிட்ட சிறு பணப்பையொன்றும் இருந்தது. அப்பையிலிருந்த நாணயங்கள் 17 ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதிக்குரியன. அக்காலத்திற் பின்னல் அத்தீவுகளின் அன்றாடத் தொழிலாயிருந்தது. ஆண்டுதோறும் ஹெரிங் மீன் பிடிக்க வந்த ஒல்லாந்தக் கப்பலோருக்குப் பெண்கள் முரட்டுக் காலுறைகளை விற்றனர்.

முரட்டுக் காலுறைக்கு மதிப்புக் குன்றிய 19 ஆம் நூற்றாண்டிலே, இலங்கைத் தமிழில் ரேந்தை என வழங்குந் துளைவேலை அங்கு மேலோங்கியது. இம்மாற்றத்தோடு தொடர்புடைய இருவரின் பெயர்களை வரலாறு பேணியுள்ளது. ஒருவர், ஷெட்லாந்திற் பிறந்த ஆதர் அன்டர்சன். அவர் விக்டோரியா அரசியார் அரியணை ஏறிய 1837 ஆம் ஆண்டையொட்டி, தம் தீவிற் பின்னிய நுண்ணிய காலுறைகளை அவ்வரசியாருக்கு அளித்துத் தம் நாட்டுப் பொருளுக்குப் புகழ் தேடினார். இவரே பி. அன்ட் ஓ. கப்பற் கும்பனியைத் தோற்றுவித்தோருள் ஒருவர். 19 ஆம் நூற்றாண்டிற் காலித் துறைமுகத்துக்கும் பின்னர்க் கொழும்புக்கும் ஐரோப்பாவின் அஞ்சலையும் பயணிகளையும் கொணர்ந்தவை அக்கும்பனியின் கப்பல்களே. மற்றவர், ஒக்ஸ்போட் நகர வணிகராகிய எட்வேட் ஸ்டாண்டன். 1839 ஆம் ஆண்டில் ஷெட்லாந்துச் சால்வைகளை இலண்டன் சந்தையிற் புகுத்தியவர். 1851 ஆம் ஆண்டு இலண்டனில் நிகழ்ந்த பெருங்கண்காட்சியிலும் அச்சால்வைகள் இடம்பெற்றன. வடகோடித் தீவாகிய அன்ஸ்டிற் பின்னப்பட்ட சால்வைகள் ஆறடிச் சதுர அளவினவாயினும், மணமோதிரம் ஒன்றினூடாக இழுத்தெடுக்கத்தக்க நுண்மை வாய்ந்தன.

இச்சால்வைகளின் கோலங்களுக்கு வழங்கும் பெயர்கள் அலைத்தடம், சிப்பி, பன்னம், பறவைக்கண், பூனைப்பாதம், தேவதாருக்காய் எனப் பெரும்பாலும் இயற்கையைச் சார்ந்தன. இப்பெயர்களைக் கேட்பவர், பெண்கள் கடற்கரையில் அமர்ந்து அலையை நோக்கி அதனையே நூலில் வரைந்தனர் என்று எளிதிற் கருதிவிடுவர். கோலத்தின் கணக்கை ஆராய்ந்தால் வேறோர் உண்மை புலப்படும். பழைய சிப்பி எனப் பொருள்கொள்ளப்படும் 'ஓல்ட் ஷேல்' என்னுங் கோலத்தை எடுத்துக்கொள்க. ஷெல் என்னுஞ் சொல்லே தீவினர் உச்சரிப்பில் ஷேல் எனத் திரிந்ததென்பது பலர் கொள்ளும் விளக்கம். இக்கோலம் 18 கண்ணிகளால் ஆனது. முதலில் ஆறு கண்ணிகள் இரண்டிரண்டாய்ச் சேர்க்கப்பட்டு மூன்றாகின்றன. அடுத்த ஆறு கண்ணிகளில் ஒவ்வொன்றோடும் ஒரு துளைக்கண்ணி சேர, அவை பன்னிரண்டாகின்றன. இறுதி ஆறும் முன்போல மூன்றாகின்றன. மூன்றும் பன்னிரண்டும் மூன்றுமாய் மீண்டும் 18 கண்ணிகளே நிற்கின்றன. நான்கு வரிசைக்கொரு முறை இது நிகழும். ஏனைய மூன்று வரிசைகளில் ஒரு புதுமையுமில்லை.

இதன் விளைவு வியக்கத்தக்கது. கண்ணிகள் குறைந்தவிடத்தில் துணி ஒடுங்குகின்றது, பெருகியவிடத்தில் விரிகின்றது. நேராகச் செல்லவேண்டிய வரிசை, ஒடுக்கத்துக்கும் விரிவுக்கும் இடையே நெளிந்து அலையாகின்றது. துணியின் ஓரமும் சிப்பியின் விளிம்பு போலத் தானே வளைகின்றது. இங்கே அலையை யாரும் வரையவில்லை. நூலின் இழுவிசைகள் ஒன்றையொன்று எதிர்த்து அமைதி காணும் நிலையில் அலைவடிவம் தானே தோன்றிற்று. தோன்றியதைக் கடலோரத்தில் வாழ்ந்த கண் இனங்கண்டு பெயரிட்டது. பெயரிட்ட பின்னர், அவ்வடிவைச் செம்மைப்படுத்தவும், வெண்மையிலிருந்து கருஞ்சாம்பல்வரை நிறங்களை அடுக்கி அதனை விளக்கமுறச் செய்யவும் அக்கண்ணே வழிகாட்டிற்று. உருவம் முன்னே, பெயர் பின்னே என்னும் இம்முறை கோலங்கள் பலவற்றுக்குப் பொருந்தும். இதனால் இயற்கைக்குள்ள பங்கு குறைந்துவிடவில்லை. தற்செயலாகத் தோன்றியவற்றுள் எதனை வைத்துக்கொள்வது, எதனைப் பிரித்துவிடுவது என்று தேர்ந்தெடுத்த சுவையுணர்வை ஊட்டியது அச்சூழலே. அலைத்தடம் என்னும் பெயரே இதற்குச் சான்று பகரும். அது அலையின் பெயரன்று. வடிந்த அலை மணலில் விட்டுச்சென்ற வரியின் பெயர். வற்றுக்காலத்துக் கரையில் நாள்தோறும் நடந்தவருக்கே இவ்வேறுபாடு தோன்றும்.

இவ்வளவு நுண்ணிய பணிக்குக் கிடைத்த ஊதியத்தை ஆராயும்போது உள்ளம் வருந்துகின்றது. பின்னிய பொருளைக் கடைக்காரரிடம் கொடுத்த பெண்ணுக்கு அவர் பணந் தருவதில்லை. துணியும் தேயிலையும் போன்ற கடைச்சரக்கையே தருவர். அவற்றின் விலையை உறுதிசெய்பவரும் அவரே. உடனே சரக்கு வேண்டாதவருக்குத் துண்டுச்சீட்டொன்று கிடைக்கும். அச்சீட்டும் அக்கடையின் சரக்குக்கே செல்லும். உண்ண மாவில்லாதவள் கையிலிருந்த தேயிலையை அயலவரிடங் கொடுத்து மாவுக்கு மாற்றவேண்டியிருந்தது. இப்பண்டமாற்று முறையை ஆராய நியமிக்கப்பட்ட வில்லியம் கத்திரி என்பாரின் அறிக்கை 1872 ஆம் ஆண்டில் வெளிவந்தது. பின்னற்பெண்கள் பலர் நேரிற் கூறிய சாட்சியங்கள் அதிற் பதிவாகியுள்ளன. 1887 ஆம் ஆண்டிற் பண்டமாற்றுச் சட்டம் திருத்தப்பட்ட பின்னரும் இவ்வழக்கம் உடனே ஒழிந்துவிடவில்லை. அன்டர்சனையும் ஸ்டாண்டனையும் நூல்கள் போற்றுகின்றன. அலைத்தடத்தை முதன்முதற் பின்னியவளின் பெயரோ எந்நூலிலுமில்லை. அவளைப் போன்றோரின் குரலைக் கேட்க விரும்பும் வரலாற்று மாணவன் அழகுக்கலை நூல்களை விடுத்து அவ்வறிக்கையையே நாடவேண்டும்.

ஷெட்லாந்துக்கும் ஓர்க்னித் தீவுகளுக்கும் நடுவே தனித்து நிற்பது பெயர் ஐல் என்னுஞ் சிறு தீவு. துளைவேலைக்கு மாறாக நிறவேலையிற் புகழ் பெற்றது அது. ஒரு வரிசையில் இரு நிறங்களே ஆளப்படும். பயன்படாத நூல் துணியின் பின்புறமாகத் தொடர்ந்து செல்லும். அதனாற் துணி இருமடங்கு தடித்துக் குளிரைத் தாங்கும். அழகும் பயனும் இங்கே ஒரே செயலின் இரு பக்கங்கள். அத்தீவில் 1588 ஆம் ஆண்டில் ஸ்பானியக் கப்பலொன்று உடைந்தது உண்மை. அக்கப்பலோரே இக்கோலங்களைக் கற்பித்தனர் என்பது கதை. இன்று எஞ்சியுள்ள பெயர் ஐல் ஆடைகளுள் மிகப் பழையன 19 ஆம் நூற்றாண்டுக்குரியன. கதைக்கும் சான்றுக்குமிடையே இரு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உளது. நிறங்களின் வரலாறோ தெளிவானது. ஊதாவுக்கும் செம்மைக்கும் பாறையிற் படரும் இலைக்கனைச் சுரண்டி ஊறவைத்தனர். ஆழ்ந்த சிவப்புக்கு மஞ்சிட்டியினத்து வேரும், நீலத்துக்கு அவுரியும் கடல்கடந்து வந்தன. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் முன்னாளில் தோண்டியெடுத்த சாயவேரிலும் அம்மஞ்சிட்டி வேரிலும் சிவப்பைத் தருவது ஒரே சாயப்பொருள் என்பது இரசாயனவியல் காட்டும் உண்மை. ஆகவே அத்தீவின் நிறங்கள் அத்தீவின் இயற்கைக்கு மட்டும் உரியனவல்ல. வாணிகமும் அவற்றில் உடன் கலந்தது. 1922 ஆம் ஆண்டில் வேல்ஸ் இளவரசர் இத்தகைய மேற்சட்டையை அணிந்து சென்ட் அன்ட்றூஸ் மைதானத்திற் பந்தாடத் தோன்றினார். அதன் பின்னர் அக்கோலம் உலகெங்கும் பரவிற்று.

எஸ்தோனியாவின் ஹாப்சலு நகருக்கு வேறொரு வரலாறு உண்டு. 1825 ஆம் ஆண்டில் மருத்துவர் ஹுன்னியஸ் அங்குள்ள கடற்சேற்றைக் கொண்டு நோய் தீர்க்கும் நீராடு நிலையத்தை அமைத்தார். உருசியப் பேரரசின் செல்வர்கள் கோடைதோறும் வந்து தங்கினர். கடற்கரை உலாவிடத்தில் அமர்ந்து பின்னிய உள்ளூர்ப் பெண்கள் தம் சால்வைகளை அவர்களுக்கு விற்றனர். அச்சால்வைகளுட் பேர்பெற்றது பள்ளத்தாக்கு லில்லி என்னும் மலரின் கோலம். காட்டு நிழலில் மணி மணியாகத் தொங்கும் அவ்வெண்மலரை நூலிற் காட்ட அவர்கள் கண்டுபிடித்த உத்தி, நுப்பு எனப்படும் மொட்டு. ஒரே கண்ணியிலிருந்து ஐந்தோ ஏழோ ஒன்பதோ கண்ணிகளை எழுப்பி, அடுத்த வரிசையில் அவை யாவற்றையும் ஒன்றாகக் கட்டிவிட்டால் நூல் திரண்டு மொட்டாகும். துளைகளிடையே அம்மொட்டுக்கள் நிற்பது இலையிடையே மலர் நிற்பதை ஒக்கும்.

ஷெட்லாந்தின் அலை நூலிலிருந்து தானே எழுந்தது. ஹாப்சலுவின் மலரோ தேடிப் பின்னப்பட்டது. காணும் பொருள் முன்னே நிற்க, அதற்கேற்ற உத்தியைக் கை பின்னே கண்டடைந்தது. எனினும் அங்கும் மலரின் நிழற்படம் எடுக்கப்படவில்லை. இதழின் எண்ணிக்கையும் காம்பின் நிறமும் விடப்பட்டன. தொங்கும் மணியின் திரட்சியும், அவை ஒன்றன்கீழ் ஒன்றாய் நிற்கும் ஒழுங்குமே கொள்ளப்பட்டன. எதனை விடவேண்டும் என்று அறிவதே வடிவமைப்போன் இயற்கையிடங் கற்கவேண்டிய முதற்பாடம்.

மூன்றாவது வழியைக் காட்டுவது சுவீடனின் போகுஸ்லேன். கருங்கல் உடைத்தலே அம்மாவட்டத்தின் பெருந்தொழில்களுள் ஒன்று. 1930 களிற் பொருளாதார மந்தத்தாற் கல்லுடைப்போர் வேலையிழந்தனர். அவர்களின் மனைவியர், மாவட்ட ஆளுநர் மால்ட்டே யாக்கோப்சனின் மனைவியாராகிய எம்மா யாக்கோப்சனிடம் சென்று, வருவாய்க்கு வழி காட்டுமாறு வேண்டினர். அவர்கள் கேட்டது தருமமன்று, வேலை. அவ்வேண்டுகோளின் பயனாகப் போகுஸ் பின்னற் கூட்டுநிறுவனம் 1939 ஆம் ஆண்டில் உருவாகி, 1969 ஆம் ஆண்டுவரை இயங்கிற்று. பல நூறு பெண்கள் தத்தம் வீடுகளிலிருந்து அதற்காகப் பின்னினர். பயிற்சி பெற்ற கலைஞர்கள் கோலங்களை அமைத்தனர். தரங்குறைந்த வேலை ஏற்கப்படவில்லை.

அக்கலைஞர்கள் இயற்கையில் உருவத்தை நாடவில்லை; ஒளியை நாடினர். அன்னா லீசா மன்னைமர் லுன் 1947 ஆம் ஆண்டில் அமைத்த நீலமினுக்கம் என்னுங் கோலமும், கேர்ஸ்டின் ஓல்சன் 1960 களில் அமைத்த காட்டு அப்பிள் என்னுங் கோலமும் கழுத்தைச் சுற்றி வட்டமாக அமைவன. அப்பிள் ஆடையில் அப்பிளின் வடிவத்தைத் தேடினாற் காணமுடியாது. பச்சை மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாகும் கனிவின் படிமுறையே அதில் உண்டு. இதற்கு அவர்கள் கையாண்ட உத்தியும் குறிப்பிடத்தக்கது. ஒரு வரிசையிற் சிற்சில இடங்களிற் கண்ணியின் முதுகை வெளியே திருப்பினர். முகக்கண்ணி இடையிட்ட கோலத்தில் நிறங்கள் கட்டங்களாய்ப் பிரிந்து நிற்கும்; முதுகு திரும்பிய இடத்தில் ஒரு நிறத்தின் வளைவு மற்றொன்றின் மேல் ஏறி நிற்பதால் எல்லை மங்கி இரு நிறங்களும் கலந்து தோன்றும். முயல்மயிர் கலந்த மென்னூல் அம்மங்கலைப் பின்னும் மிகுவிக்கும். மூடுபனிக்கும் மாலை வெயிலுக்கும் எல்லைக்கோடு இல்லை. அவ்வெல்லையின்மையை நூலிற் கொணர்ந்தமையே போகுஸ் கலைஞரின் வெற்றி. அவ்வாடைகள் பல இன்று உத்தேவல்லா நகரத்துப் போகுஸ்லேன் நூதனசாலையிற் பேணப்படுகின்றன. அங்கே கோலமமைத்தவரின் பெயர் தெரியும். பின்னிய கை யாருடையது என்பது பெரும்பாலும் தெரியாது. ஷெட்லாந்தில் முழுதும் மறைந்த பெயர் இங்கே பாதி வெளிப்பட்டது எனலாம்.

இனி, புனைவு வரலாறாகிய கதை. ஆரன் தீவுகளின் வெண்ணிற மேற்சட்டையில் முறுக்கு மீனவன் கயிறென்றும், தேன்கூடு உழைப்பென்றும், குடும்பந்தோறும் தனிக்கோலம் உண்டென்றும், கடலில் மாண்டவனை அக்கோலங்கொண்டே இனங்காண்பர் என்றும் விற்பனையாளர் கூறுவர். கேட்போர் நெஞ்சை உருக்குங் கதை இது. இதற்கு ஊற்றாயிருந்தது பெரும்பாலும் ஜோன் மில்லிங்டன் சிங் 1904 ஆம் ஆண்டில் அரங்கேற்றிய நாடகமொன்று. அந்நாடகத்தில் மாண்டவனின் தங்கை இனங்காண்பது மேற்சட்டையையன்று, காலுறையை. குடும்பக் கோலத்தாலன்று, தான் பின்னியபோது எண்ணிய கண்ணிகளின் கணக்காலும் அதில் விட்ட குறையாலும். 1936 ஆம் ஆண்டில் டப்ளினில் இத்தகைய சட்டையொன்றை வாங்கிய ஒக்ஸ்போட் நூல்வணிகர் ஹெயின்ஸ் கீவே, 1967 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இக்கோலங்களைப் பழைய கெல்த்திய சமயக் கலையோடு இணைத்தார். 1987 ஆம் ஆண்டிற் கைப்பின்னலின் வரலாற்றை எழுதிய ரிச்சட் ரட் என்னும் ஆயர் இக்கூற்றுக்களுக்குச் சான்றில்லை எனக் காட்டினார். ஆரன் சட்டை 19 ஆம் நூற்றாண்டின் இறுதிக்கு முற்பட்டதன்று. வறுமை மிக்க மேலைக்கரையை முன்னேற்ற 1891 ஆம் ஆண்டில் அரசு நிறுவிய சபையின் காலத்தை ஒட்டி அது வளர்ந்தது.

இக்கதையை மறுப்பதாற் கலையின் சிறப்பு மாயுமோ எனின், மாயாது. தொன்மைக் கதையே அப்பெண்களுக்குத் தீங்கிழைத்தது. ஆயிரம் ஆண்டு மரபு தானே பின்னிற்று என்று சொன்னால், இந்த ஆண்டில் இந்தக் கோலத்தைப் புதிதாகக் கண்டவளின் அறிவு மறைக்கப்படுகின்றது. இயற்கையே கற்பித்தது என்று சொன்னாலும் நிலை அதுவே. கடல் கற்பித்திருந்தால் எல்லாக் கரைகளிலும் ஒரே கோலம் இருந்திருக்கும். கடல் காட்டிற்று, எண்ணியவள் பெண். எண்ணியவளை மறந்தவிடத்து அவளுக்குரிய ஊதியத்தையும் மறத்தல் எளிதாயிற்று.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, இயற்கை கைப்பின்னலுக்குட் புகும் வழிகள் மூன்று எனத் துணியலாம். மயிரும் வேரும் இலைக்கனுமாய்ப் பொருள் வழியாகப் புகுவது ஒன்று. நூலின் இயல்பிலே தானே தோன்றும் வடிவைக் கண் இனங்காணுதல் மற்றொன்று. மலரையோ ஒளியையோ முன்வைத்து, வேண்டாதன நீக்கி, வேண்டுவதற்கு உத்தி தேடுதல் பிறிதொன்று. புதிய ஆடைகளுக்குக் கோலம் அமைக்க முயல்வோர்க்கு இம்மூன்றும் இன்றும் பயன்படும். கண்ட பொருளின் பெயரை விட்டு அதன் ஒழுங்கை நோக்குதல், அவ்வொழுங்கை எண்ணாக்குதல், எண்ணாக்கியதைச் சிறு துண்டிற் பின்னிப் பார்த்து நூல் சொல்லும் திருத்தத்தை ஏற்றல் என்பன அவற்றின் சாரம்.

வெப்பநாடாகிய இலங்கையில் மலைநாட்டுக்கன்றிக் கம்பளியாடை வேண்டுவதில்லை. ஆயினும் இவ்வாராய்ச்சி எழுப்பும் வினாக்கள் இந்நாட்டுக்கும் உரியனவே. யாழ்ப்பாணத்திற் பனையோலையாற் பெட்டியும் கடகமும் பாயும் இழைக்கும் பெண்களும் எண்ணியே இழைக்கின்றனர். ஓலையின் அகலமும் சாயத்தின் நிறமும் அவர்களுக்கு இயற்கை தந்தவை. கோலம் அவர்கள் தந்தது. அக்கோலங்களுக்கு எவ்வூரில் எப்பெயர் வழங்குகின்றது, அப்பெயர் உருவத்துக்கு முந்தியதா பிந்தியதா, அதனை முதலில் இழைத்த கை எது என்பவற்றை, அறிந்த முதியோர் வாழும்போதே கேட்டு எழுதிவைத்தல் கற்றோர் கடமையாகும். அலைத்தடத்தைப் பின்னியவளின் பெயரை மீட்டல் இனி இயலாது. பனையோலைக் கோலத்தை இழைத்தவளின் பெயரைக் காத்தல் இன்னும் இயலும்.